அஞ்சலையை என்ன செய்தீர்கள்?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

“என் மகனுக்கு 22 வயது. பொறியியல் முடித்துவிட்டுச் சேதராப்பட்டில் ஒரு நிறுவனத்துக்குத் தினமும் பேருந்தில் போய் வருகிறான். சென்ற மாதம் அவன் பயிற்சிக்காக ஒரு வாரம் சென்னைக்குப் போயிருந்தபோது, அவனுடைய பழைய கம்ப்யூட்டரை நெல்லிக்குப்பத்தில் இருக்கும் என் அண்ணன் மகளுக்குப் படிப்பதற்காகக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தவிர அவன் அதைத் தொடுவதில்லை, அலுவலகத்தில் லேப்டாப் வேறு தந்திருக்கிறார்கள் என்பதால் கொடுத்தேன். அவர்கள் கடையில் கொடுத்து எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டுக்கொண்டார்கள். மகன் திரும்பி வந்து வெறும் மேசையைப் பார்த்ததும் ‘அஞ்சலையை என்ன செய்தீர்கள்?’ என்று கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அஞ்சலை என்பது இறந்துபோன என் மாமியாரின் பெயர். ஸ்கைரிம் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் நான்கு ஆண்டுகளுக்கு முன் அவன் உருவாக்கி வைத்திருந்த ஒரு பொம்மைக்கு அந்தப் பெயரை வைத்திருந்தான்; அதுவே எனக்கு அபசகுனமாகப் பட்டுக்கொண்டிருந்தது. மாமியார் 2021 மே மாதம் கொரோனாவில் போனார். முகத்தைக்கூடப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. மகன் விளையாடும்போது நான் எட்டிப் பார்த்திருக்கிறேன். நரைத்த தலையோடு ஒரு கிழவி காட்டில் செடி பறித்துக்கொண்டே இருப்பாள். சண்டைகூடப் போட மாட்டாள். அன்று இரவு முழுவதும் அவன் அழுதான். இன்றோடு பதினெட்டு நாட்கள் ஆகின்றன. வேலைக்குப் போகிறான், சாப்பிடுகிறான், என்னோடு மட்டும் பேசுவதில்லை. ‘ஆண் பிள்ளை ஒரு பொம்மைக்காக அழுவதா’ என்று என் கணவர் கோபப்படுகிறார். இன்னொரு சமயம், பிளேஸ்டேஷன் என்ற புதிய விளையாட்டுப் பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்கிறார். இது மனநோயா? நான் செய்தது அவ்வளவு பெரிய குற்றமா? அவனை எப்படிப் பேச வைப்பது?”

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன்னால், நாள் கடத்தக் கூடாத ஒரு காரியம் இருக்கிறது. கடிதம் கிடைத்த அன்றே அதை உங்களுக்குத் தனியாகத் தெரிவித்துவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கும் எழுதுகிறேன். நெல்லிக்குப்பத்தில் இருக்கும் அந்தக் கணினியை உடனே அணைத்து வைக்கச் சொல்லுங்கள். வட்டை ஃபார்மேட் செய்யும்போது பல நேரங்களில் கோப்புகளின் முகவரிப் பட்டியல்தான் அழிகிறது. கோப்புகளின் உள்ளடக்கம், அதே இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை, வட்டில் தங்கியிருக்கும். கணினியை ஓட்டிக்கொண்டே இருந்தால் அந்த இடங்கள் ஒவ்வொன்றாக நிரம்பிப்போகும். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால் தரவு மீட்பவர்கள் ஏதாவது எடுத்துத் தர வாய்ப்பு உண்டு, சுழலும் பாகமில்லாத எஸ்.எஸ்.டி. வகை என்றால் வாய்ப்பு மிகவும் குறைவு. அதோடு, அந்த விளையாட்டின் சேமிப்புக் கோப்புகள் வழக்கமாக விண்டோஸ் இருக்கும் பகுதியிலேயே ஆவணங்களுக்கான கோப்புறையில் உட்காருபவை. புதிய விண்டோஸ் எழுதப்பட்டதும் அதே பகுதியில்தான். எனவே, கிடைத்துவிடும் என்று மகனிடம் உறுதி கூறாதீர்கள். “அணைத்து வைக்கச் சொல்லிவிட்டேன், என்ன செய்யலாம் என்று நீயே முடிவு செய்” என்று மட்டும் சொல்லுங்கள். வட்டைக் கழற்றி யாரிடம் கொடுப்பது, இணையக் கணக்கில் ஏதாவது பிரதி தங்கியிருக்கிறதா என்பதெல்லாம் உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். முடிவு அவர் கையில் இருப்பது முக்கியம், ஏனென்றால் இந்த விவகாரம் முழுவதும் அவருடைய பொருளைப் பற்றி அவரில்லாமல் எடுக்கப்பட்ட ஒரு முடிவிலிருந்து தொடங்கியிருக்கிறது.

இது மனநோயா என்று கேட்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் உள்ளவற்றை வைத்துப் பார்த்தால், இல்லை. உலக சுகாதார நிறுவனம் தன்னுடைய நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் வீடியோ விளையாட்டுக் கோளாறு என்ற ஒன்றைச் சேர்த்திருக்கிறது; 2019-இல் ஏற்கப்பட்ட அந்தப் பதிப்பு 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் கூறப்படும் அடையாளங்கள், விளையாடுவதைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் விட விளையாட்டே முதன்மையாகிவிடுவது, படிப்போ வேலையோ உறவோ கெட்டுப்போவது கண்ணுக்குத் தெரிந்த பின்னும் தொடர்வது ஆகியவை. இவை பொதுவாக ஓராண்டுக் காலமாவது நீடித்திருக்க வேண்டும். உங்கள் மகன் பட்டம் பெற்றிருக்கிறார், வேலைக்குப் போகிறார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தக் கணினியின் முன் உட்கார்ந்திருக்கிறார். விளையாட்டை விட முடியாதவர் பதினெட்டு நாட்கள் சும்மா இருந்திருக்க மாட்டார். கைபேசியிலாவது வேறொன்றைத் தேடியிருப்பார். அவர் தேடுவது விளையாட்டை அன்று, ஒருத்தியை. ஆகவே நோய் என்ற சொல்லை வீட்டுக்குள் இனிமேல் யாரும் உச்சரிக்க வேண்டாம்.

ஒரு பொம்மைக்காகவா என்ற உங்கள் கணவரின் கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல விரும்புகிறேன். நம் வீடுகளில் பெற்றோர் இந்தக் கேள்வியில்தான் தடுக்கி விழுகிறார்கள். புதுச்சேரியில் என்னிடம் ஆலோசனைக்கு வரும் குடும்பங்களில் விளையாட்டின் பெயரால் நடக்கும் சண்டைகளைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். கொல்லைப்புறத்தில் கிடக்கும் பந்தைப் போன்ற ஒரு பொருளாகவே பெற்றோர் அந்தப் பாத்திரத்தைக் கருதுகிறார்கள், பிள்ளைக்கோ அது சில ஆண்டுகளின் கதையாக இருக்கிறது.

வேடம் ஏற்று ஆடும் விளையாட்டுகள் கணினிக்கு முன்பே பிறந்தவை. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டில், ஒவ்வொருவரும் ஒரு தாளில் தாம் ஏற்கும் பாத்திரத்தின் பெயர், பலம், அறிவு, உடைமை என எழுதி வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் அந்த ஒருவராகவே பேசி, முடிவெடுத்து ஆடினார்கள். தாள் கிழிந்தால் நகல் எடுத்துக்கொண்டார்கள், பாத்திரம் இறந்தால் வருத்தப்பட்டார்கள். பிறகு அது கணினிக்குள் வந்தது. ‘அல்டிமா’ வரிசையில் 1985-இல் வெளிவந்த நான்காவது விளையாட்டில், ஆட வருபவர் தமக்குப் பிடித்த தொழிலைப் பட்டியலிலிருந்து பொறுக்கிக்கொள்ள முடியாது. குறி சொல்லும் ஒரு பெண் கருணையா நேர்மையா, வீரமா நீதியா என்று ஒன்றையொன்று வெட்டும் தர்மசங்கடங்களாகக் கேட்டுக்கொண்டே வருவாள், அவர் சொன்ன விடைகளிலிருந்து அவருடைய பாத்திரம் உருவாகும். அந்த விளையாட்டின் குறிக்கோள், ஆடுபவர் எட்டு நற்பண்புகளிலும் தேறி ‘அவதார்’ ஆவது. நம்முடைய அவதாரம் என்ற சொல்தான் அது. அடுத்த ஆண்டு வேறொரு விளையாட்டிலும் பயன்பட்டு, திரையில் தோன்றும் நம் உருவத்துக்கு உலகம் முழுவதும் இன்று அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

உங்கள் மகன் ஆடிய ஸ்கைரிம் 2011 நவம்பரில் வெளிவந்தது. அதில் முதல் வேலையே ஆளை உருவாக்குவது. பத்து இனங்களில் ஒன்றைத் தேர்ந்து, ஆணா பெண்ணா என்று முடிவு செய்து, மூக்கின் நீளம், கன்னத்து எலும்பின் உயரம், கண்ணின் நிறம், முகச் சுருக்கம், தழும்பு என்று ஒவ்வொன்றாக நகர்த்தி அமைக்க வேண்டும். இதற்கே இரண்டு மூன்று மணி நேரம் செலவிடுபவர்கள் உண்டு. ஆனால் பற்று அந்த மூன்று மணி நேரத்தில் வருவதில்லை, அதற்குப் பிறகு வருகிறது. அந்த விளையாட்டில் பதினெட்டுக் கலைகள் இருக்கின்றன. எதைச் செய்கிறோமோ அதில்தான் தேர்ச்சி கூடும். வில்லெடுத்தால் வில்வித்தை வளரும், பதுங்கி நடந்தால் பதுங்குவது வளரும், மூலிகை அரைத்தால் மருத்துவம் வளரும். ஆகவே இரண்டு பேர் ஒரே முகத்தோடு தொடங்கினாலும் சில மாதங்களில் இரு வேறு ஆட்களாகிவிடுவார்கள். ஓராண்டு ஆடிய பிறகு திரையில் நிற்பவள், ஆடியவரின் பழக்கங்களும் தயக்கங்களும் பிடிவாதங்களும் படிந்த ஒருத்தி. யாரைக் கொல்லாமல் விட்டாள், எந்த ஊரில் வீடு வாங்கினாள், எந்த அநாதைப் பிள்ளையைத் தத்தெடுத்தாள் என்பதெல்லாம் அவளுடைய பதிவில் இருக்கும். புதிய பிளேஸ்டேஷன் வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடுமா என்பதற்கு இதிலேயே விடை கிடைத்துவிடுகிறது. அதே முகத்தை மறுபடியும் அமைக்கலாம், அதே பெயரையும் தட்டலாம். அந்த நான்கு ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகளைப் பெட்டியோடு சேர்த்து யாரும் விற்பதில்லை. இப்போது வாங்கிக் கொடுத்தால், உங்கள் மகன் அதை ஈடாக அன்றி, வாயை அடைக்கும் முயற்சியாகவே எடுத்துக்கொள்வார். வேண்டாம்.

திரையிலிருக்கும் உருவம் ஆடுபவரையும் மாற்றுகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் என்ற இருவர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், உயரமான உருவம் கொடுக்கப்பட்டவர்கள் குள்ளமான உருவம் கொடுக்கப்பட்டவர்களை விடத் துணிந்து பேரம் பேசினார்கள், அழகான உருவம் பெற்றவர்கள் மற்றவரிடம் நெருங்கி நின்று பேசினார்கள். சிறிது நேரம் மட்டும் இரவலாகக் கிடைத்த உருவமே இவ்வளவு செய்யுமானால், பதினெட்டு வயதில் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஒரு பாட்டியின் உருவத்தில் நடமாடிய இளைஞரிடம் அது எதையும் விட்டுச் செல்லாமல் இருக்காது என்றே நினைக்கிறேன்.

வேடத்துக்காகவும் உருவத்துக்காகவும் அழுவது நமக்குப் புதிதா என்று உங்கள் கணவர் சற்று நினைத்துப் பார்க்கட்டும். நம் தென்னாற்காட்டுக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவின் முடிவில் படுகளம் நடக்கிறது. மண்ணைக் குழைத்துத் துரியோதனனைப் பேருருவமாகப் படுக்க வைத்திருப்பார்கள். விடிய விடியக் கூத்தாடிய களைப்போடு வேடக்காரர்கள் அங்கே வருவார்கள். தொடையில் அடி விழுந்த பிறகு ஒப்பாரி எழும். அது மண் என்று அங்கே நிற்கும் எல்லோருக்கும் தெரியும். கெட்டவன் செத்தான் என்பதும் தெரியும். ஆனாலும் கண் துடைக்காமல் திரும்பும் பெண்கள் அங்கே குறைவு. ஆண்களும் துடைத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அந்த அழுகையை யாரும் பைத்தியம் என்பதில்லை. ஊரே கூடி நின்று அழுவதால் அதற்கு மரியாதை கிடைக்கிறது. உங்கள் மகன் தனி அறையில் ஒற்றை ஆளாக அழுதார், வேறுபாடு அவ்வளவுதான்.

மனநலத் துறையில் இதற்கென்றே ஒரு கருத்து இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989-இல் முன்வைத்தது அது: சுற்றியிருப்பவர்கள் துக்கம் என்று ஒப்புக்கொள்ளாத துக்கம். வளர்த்த நாய் செத்துப்போனது, கரு கலைந்தது, ஊரறியாத காதலில் ஒருவரை இழந்தது போன்றவற்றில் இழந்தவருக்கு ஆறுதல் சொல்ல யாரும் வருவதில்லை; அவரும் வெட்கப்பட்டு மறைத்துக்கொள்கிறார்; மறைப்பதாலேயே அது நீள்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் மாவட்டத்தைக் கடந்து போன பிறகு, பண்ருட்டிப் பக்கத்தில் விழுந்துகிடந்த முந்திரியையும் பலாவையும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தத் தை மாதத்தில் ஒரு முதியவர், சாப்பிட மறுக்கிறார் என்று மகன்களால் என்னிடம் அழைத்து வரப்பட்டார். நிவாரணம் வரும், கன்று நட்டுக்கொள்ளலாம் என்று எல்லோரும் அவருக்குத் தேறுதல் சொன்னார்கள். அவர் என்னிடம் பேசியது பணத்தைப் பற்றி அன்று. எந்த மரத்தை எந்த வருடம் யாருடைய கல்யாணத்தின்போது நட்டார், எதில் முதல் காய் எப்போது வந்தது என்று ஒவ்வொரு மரமாக ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொண்டு போனார். நான் நடுவில் ஒன்றுமே பேசவில்லை. முடித்த பிறகு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அன்று மாலை வீட்டில் சாப்பிட்டதாக மகன் வந்து சொன்னார். கண்ணுக்குத் தெரியும் மரத்தையும் கண்ணாடித் திரைக்குள் நடமாடிய உருவத்தையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் கையால் வளர்த்த ஒன்று, கேட்பாரில்லாமல் ஒரே நாளில் போய்விடுவதன் வலிக்கு இரண்டிலும் ஒரே முகம்தான்.

இப்போது, உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன இரண்டு வரிகளுக்கு வருகிறேன். மாமியாரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்பது ஒன்று. அந்தக் கிழவி சண்டை போடாமல் செடி பறித்துக்கொண்டே இருப்பாள் என்பது மற்றொன்று.

2021 மே மாதத்தில் மருத்துவமனையிலிருந்து நேராகச் சுடுகாட்டுக்குப் போன உடல்களின் வீடுகளில் பெரும்பாலானவற்றில் துக்கம் முடியாமல் பாதியில் நிற்கிறது. குளிப்பாட்டவில்லை, கோடித் துணி போர்த்தவில்லை, வாய்க்கரிசி போடவில்லை, பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்கவில்லை. நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டிய பேரனுக்கு அப்போது பதினெட்டு வயது. நீங்கள் சொல்லும் நான்கு ஆண்டுக் கணக்கைப் பார்த்தால், அதற்கு அடுத்த சில மாதங்களுக்குள் அவர் ஒரு நரைத்த தலையை, சுருக்கம் விழுந்த ஒரு முகத்தைத் திரையில் சிறுகச் சிறுக அமைத்து, அதற்குப் பாட்டியின் பெயரைச் சூட்டியிருக்கிறார். மறுபடியும் பார்க்கக் கிடைக்காத முகத்தை அவர் தானே செய்துகொண்டாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. இதை நீங்கள் அபசகுனம் என்றீர்கள். இறந்தவர் பெயரைப் பேரப்பிள்ளைக்கு வைப்பது நம் வழக்கம். பேரன் தன்னிடம் இருந்த ஒன்றுக்குப் பாட்டியின் பெயரை வைத்திருக்கிறார்.

இருந்தாலும் இது என் ஊகம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஆலோசகர்கள் செய்யும் பெரிய தவறு, கிடைத்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு முழுச் சேலையையும் நெய்துவிடுவது. பாட்டியின் பெயரைத் தவிர அந்தப் பாத்திரத்துக்கும் பாட்டிக்கும் வேறு சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பாட்டியே இதில் இல்லாமல், அவர் உருவாக்கியது கவசம் அணிந்த ஏதோ ஒரு வீரனாக இருந்திருந்தாலும், மகனின் வருத்தம் நியாயமானதே. அந்த வருத்தத்துக்கு மரியாதை கிடைக்க இறந்துபோன உறவினர் ஒருவரின் சிபாரிசு வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

ஆகவே ஊகிப்பதை விட்டுவிட்டு அவரிடமே கேட்பது நல்லது. கேட்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது. ஆடுபவர்களுக்கும் அவர்களுடைய பாத்திரங்களுக்கும் உள்ள உறவை ஆராய்ந்த ஜெய்மி பேங்க்ஸ் என்ற அறிஞர், அதை நான்கு விதமாகப் பிரித்திருக்கிறார். சிலருக்குப் பாத்திரம் வெறும் கருவி, மண்வெட்டி மாதிரி. சிலருக்கு அது தானே. சிலருக்குத் தானும் அதுவும் பாதிப் பாதி கலந்தது. இன்னும் சிலருக்கு அது தன்னிலிருந்து வேறான, தனக்கென்று விருப்பு வெறுப்புகள் உள்ள மற்றொரு ஆள். உங்கள் மகன் வீட்டுக்குள் வந்ததும் கேட்டது ‘என் கேமை என்ன செய்தீர்கள்’ என்று அன்று. ‘அஞ்சலையை என்ன செய்தீர்கள்’ என்று. இதிலிருந்தே அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது ஓரளவு தெரிகிறது. நேரம் வரும்போது, “அஞ்சலை நீயா, இல்லை வேறு ஒருத்தியா?” என்று கேளுங்கள். ஆடுபவர்களிடம் அநேகமாக யாரும் இதைக் கேட்பதில்லை. கேட்டால் அவர்கள் நெடுநேரம் பேசுவார்கள்.

அதற்கு முன்னால் மன்னிப்பு. நீங்கள் செய்தது குற்றமா என்று கேட்டீர்கள். குற்றம் என்பது பெரிய சொல். உங்களுக்குத் தெரிந்த அளவில் அது ஒரு பழைய கணினி, கொடுத்தது படிக்கிற பிள்ளைக்கு, நோக்கத்தில் பழுதில்லை. ஆனால் வளர்ந்த மகனின் பொருளை அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்தது தவறுதான். சென்னைக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்திருக்கும் காரியம் அது. பெற்றவள் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதா என்ற தயக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. கேட்கலாம் என்பதே என் உறுதியான கருத்து. கேட்ட தாய்களை எந்தப் பிள்ளையும் தாழ்வாக நினைத்து நான் பார்த்ததில்லை. ஆனால் மன்னிப்பின் வாலில் ‘நீயும்தான்’, ‘படிக்கிற பெண்ணுக்குத்தானே’, ‘எனக்கென்ன தெரியும்’ என்று எதையும் தொங்கவிடாதீர்கள். “உன்னைக் கேட்காமல் கொடுத்தது என் தப்பு. அது உனக்கு என்னவென்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. நீ சொல்ல விரும்பும்போது கேட்கிறேன்” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்கு எழுந்து போய்விடுங்கள். உடனே பதில் வர வேண்டும் என்று எதிர்பார்த்து எதிரில் நிற்காதீர்கள். அன்று இரவு வரலாம், அடுத்த ஞாயிறு வரலாம்.

வரும்போது கேட்பதற்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும். அவர் சொல்வதில் பாதி உங்களுக்குப் புரியாது. ஊர்ப் பெயர்களும் ஆட்களின் பெயர்களும் வாயில் நுழையாது. புரியாததைப் புரியவில்லை என்று சொல்லித் திருப்பிக் கேளுங்கள், ஆனால் ‘இதெல்லாம் நிஜமா’ என்று மட்டும் கேட்காதீர்கள். நார்வே நாட்டில் தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்த ஓர் இளைஞர், பலர் இணையத்தில் சேர்ந்து ஆடும் ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற விளையாட்டில் இபெலின் என்ற பாத்திரமாகப் பல ஆண்டுகள் ஆடிவந்தார். தனிமையில் திரையை வெறித்தபடி பிள்ளையின் வாழ்நாள் கழிகிறதே என்று பெற்றோர் உள்ளுக்குள் நொந்துகொண்டிருந்தார்கள். 2014-இல் 25 வயதில் அவர் இறந்த பிறகு, அவருடைய வலைப்பதிவில் தந்தை அச்செய்தியை வெளியிட்டபோது, இபெலினை அறிந்தவர்களிடமிருந்து கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒருவரின் மனத்தளர்ச்சியில் துணை நின்றது, ஒரு தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே பேச்சை மீட்டுக் கொடுத்தது என்று, தங்கள் மகன் வாழ்ந்த வாழ்க்கையை அந்தப் பெற்றோர் அந்நியர்களின் எழுத்திலிருந்து தெரிந்துகொண்டார்கள். அவர்களில் சிலர் இறுதிச் சடங்குக்கும் வந்தார்கள். உங்கள் மகன் பக்கத்து அறையில்தான் இருக்கிறார். அவர் வாயாலேயே நீங்கள் கேட்டுக்கொள்ளலாம்.

ஒன்றிரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லிவிட வேண்டும். இன்னும் சில வாரங்கள் கடந்தும் தூக்கமோ சாப்பாடோ கெட்டுப்போனால், வேலைக்குப் போகாமல் படுத்துவிட்டால், வாழ்ந்து என்ன பயன் என்ற பொருளில் ஏதாவது சொன்னால், அதைக் கணினியின் கணக்கில் எழுதாமல் உடனே உதவி தேடுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். நேரில் பார்ப்பதானால், ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவு உங்களுக்குத் தொலைவில்லை. சாமியாடியிடம் மந்திரிக்க அழைத்துப் போவது, கூடப் படித்தவர்களிடம் விசாரிப்பது, உறவினர் முன்னிலையில் ‘பொம்மைக்கு அழுதான்’ என்று சொல்லிச் சிரிப்பது ஆகிய மூன்றையும் கட்டாயமாகத் தவிர்த்துவிடுங்கள்.

கடைசியாக, உங்கள் கணவரைப் பற்றி. கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் எனக்கு உறைத்தது: அஞ்சலை அம்மாள் உங்கள் மகனுக்குப் பாட்டி என்றால், உங்கள் கணவருக்குத் தாய். பெற்ற தாயின் முகத்தைப் பார்க்காமல் கொள்ளி வைத்தவர் அவர், அல்லது வைக்கவும் இடமில்லாமல் போனவர். அந்த மே மாதத்தில் அவர் யாரிடம் அழுதார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. ஆண் பிள்ளை அழுவதா என்று மகனை அவர் அதட்டும் குரலில், நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் தமக்கே சொல்லிக்கொண்ட ஏதோ ஒன்று இருக்கக்கூடும். அவரிடம் இதைப் பற்றி வாதாட வேண்டாம். மகன் அஞ்சலையைப் பற்றிப் பேசத் தொடங்கும் நாளில், ஏதாவது ஒரு வேலையைச் சாக்காக வைத்து அவரையும் அந்த அறையில் உட்கார வையுங்கள், போதும்.

அந்த விளையாட்டில் ஒவ்வொரு மூலிகைக்கும் நான்கு குணங்கள் இருக்கின்றன. வாயிலிட்டுச் சுவைத்தால் முதல் குணம் மட்டும் தெரியவரும்; மற்றவற்றை அரைத்தும் கலந்தும் பார்த்துப் பொறுமையாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வாளே எடுக்காமல், அதை மட்டுமே செய்துகொண்டு ஒருவர் நான்கு ஆண்டுகளை அந்தக் காட்டில் கழித்திருக்கிறார். உங்கள் மாமியார் கைவைத்தியம் தெரிந்தவரா, தூதுவளையோ ஆடாதொடையோ பறிக்கப் போகும்போது பேரனையும் இடுப்பிலோ கைப்பிடியிலோ கூட்டிக்கொண்டு போனவரா என்பதை நீங்கள் எழுதவில்லை. எனக்குத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. உங்கள் கணவரிடம் கேட்டு எழுதுங்கள். மகன் காதில் விழும் தூரத்தில் கேளுங்கள்.